விரல் எடுக்கும் வரை

பெஞ்சூரு விடுதி மருந்தகத்தில்
என் ஸ்லைடரைப் பரிசோதிக்கப் போயிருந்தேன்.
வலி எவ்வளவு? பூஜ்யம் முதல் பத்து.
கீழே ஒரு கோடு, கோட்டின்மேல் ஒரு பொட்டு.

டேப்லட்டை வாங்கியவர் சூசைமாணிக்கம்.
கப்பல் பட்டறை. இடது தோள்.
பெயின்ட் காய்ந்த கட்டைவிரலைத்
திரை முதலில் ஏற்கவில்லை;
சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

என் மடிக்கணினியில்
இன்புட் நிகழ்வுகள் விழத் தொடங்கின:
மூன்று. ஐந்து. எட்டு.
ஒன்பது.
அங்கேயே நின்றது விரல்.
கன்சோலும் ஊமையானது.
அசையாத விரலுக்கு நிகழ்வு கிடையாது.

வெளியே லாரி ஹார்ன் அடித்தது.
ஏழு, நாலு, இரண்டு.
விரலை எடுத்தார்.
சேஞ்ச், ஒரே ஒரு முறை: இரண்டு.
"பெனடால் போதும் தங்கச்சி."

திரும்பும் ரயிலில் சியூ லிங்கின் செய்தி:
இன்புட்டை எடுத்துவிடு,
தொட்டதற்கெல்லாம் கூப்பிடுகிறது,
சர்வர் திணறுகிறது.
கடைசி எண் வந்தால் போதும்.

அவள் சொல்வது சரி.
ஒரு வரிதான். அழித்தேன்.
பிறகு யாரும் கேட்காத இன்னொரு வரி எழுதினேன்:
விரல் ஏறிப்போன உச்சத்தை மட்டும்
ஒரு மாறி நினைவில் வைத்துக்கொள்ளும்,
விட்ட எண்ணோடு சேர்த்து அனுப்பும்.

யாருக்கு?
டாக்டர் பார்த்தால் ஸ்கேன்.
கம்பெனி பார்த்தால்
திருச்சிக்கு ஒருவழி டிக்கெட்.
அது தெரிந்துதானே
அந்த மனிதர் ஏழு எண் இறங்கி வந்தார்.

குவீன்ஸ்டவுன் தாண்டியாயிற்று.
இன்னும் சேமிக்கவில்லை.