மூணடி ரெண்டங்குலம்

வண்ணார்பேட்டைக் கிளையில்
கடன் மேசைக்கு எதிரே மூன்று நாற்காலி.
ஒன்றுக்குக் கை இல்லை,
அதில்தான் பொன்சிங் உட்கார்ந்தான்.

நிலை வட்டியா, மிதக்கும் வட்டியா
என்றார் சண்முகவடிவு மேடம்,
சாப்பாடா டிபனா என்று கேட்கிற குரலில்.

இருபத்தெட்டு லட்சம், இருபது வருஷம்.
மிதந்தால் மாதம் 24,299.
நிலைத்தால் 27,486.
டோக்கன் சீட்டின் பின்பக்கம் கழித்துப் பார்த்தேன்:
மூவாயிரத்து நூற்று எண்பத்தேழு.
பயப்படாமல் தூங்க
மாத வாடகை.

பொன்சிங் பணகுடிப் பக்கம் காற்றாலையில் ஏறுகிறவன்.
வைகாசி முதல் ஆவணி வரை
வாரம் ஏழு நாளும் ஓவர்டைம்.
ஐப்பசியில் இறக்கைகள் மரத்துப்போய் நிற்க
கையில் வருவது வெறும் சம்பளம்.
காற்றைச் சாப்பிடுகிற அவன்
அசையாத வட்டி கேட்டான்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்
ஏழு வருஷமாக ஒரே தொகுப்பூதியத்தில்
அடுத்தவர் ரத்தத்தில் சர்க்கரை எண்ணும் நான்
மிதக்கட்டும் என்றேன்.
அசையாதது ஒருத்தியை என்ன செய்யும் என்று
எனக்குத் தெரியும்.

மிதக்கிறதை யார் ஏற்றுவார், யார் இறக்குவார்?
மும்பையில் கூடிப் பேசி முடிவெடுப்பார்களாம்.
பாபநாசம் அணை நீர்மட்டம் போல
தினம் பேப்பரில் வருமா மேடம்?
இரண்டு மாசத்துக்கு ஒருதடவை என்றார்,
சிரிக்காமல்.

வெளியே டீக்கடையில்
"ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்ட்டி,
வட்டி பறக்காதா?" என்றான்.
பறந்த அம்மி ஐப்பசியில் இறங்கத்தானே வேண்டும் என்றேன்.
வடை ஆறிப்போனது.

ஒரு விழுக்காடு ஏறினால்
தவணை ஏறாதாம், மாதங்கள் ஏறுமாம்.
இருநூற்று நாற்பது
முந்நூற்று எட்டைத் தாண்டிவிடுமாம்.
அவனுக்கு இப்போது முப்பத்தெட்டு.
அறுபத்து நாலு வயதில்
எண்பது மீட்டர் ஏணியில்
இடுப்புக் கயிற்றோடு ஒரு கிழவன்.
அதை நான் பார்த்துவிட்டேன் என்று
அவனிடம் சொல்லவில்லை.

சாவி இன்னும் புரோக்கரிடம்தான். ஆனாலும்
கைலாசபுரம் பின்தெருவுக்கு மறுபடி போனோம்.
அந்த வீட்டுக்கு விலை குறைந்த காரணம்
கூடத்துச் சுவரில் கோடாக இருக்கிறது,
ஆறு உள்ளே வந்து நின்ற இடம்.
புரோக்கர் பெயின்ட் அடித்திருக்கிறார்.
ஈரம் பெயின்டைத் தின்றிருக்கிறது.

பொன்சிங் பைக்குள்ளிருந்து டேப் எடுத்தான்.
தரையில் ஒரு முனையை நான் பிடித்தேன்.
மூணடி ரெண்டங்குலம்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தபடி நின்றான்.
பிறகு கேட்டான்,
"பிளக் பாயின்ட் எல்லாத்தையும்
நாலடிக்கு மேல ஏத்தணும்.
என்ன செலவாகும்?"

ஆற்றை நிற்கச் சொல்லவில்லை அவன்.
நிற்கச் சொன்னால் நிற்குமா, அதுவும் தாமிரபரணி,
அதுவும் மூன்று நாள் விடாத மழையில்.

மறுநாள் படிவத்தில்
இரண்டு கட்டம், நூல் கட்டிய ஒரு பேனா.
மிதக்கும் கட்டத்தில் நான் டிக் போட்டேன்.
அவன் பேனாவை வாங்கி
ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினான்:
மாதா மாதம் 3,187 அசலில் கட்டப்படும்.

அதெல்லாம் இதில் எழுதக் கூடாது சார் என்றார் மேடம்.
எழுதியாச்சே என்றான்.
புது படிவம் கொடுத்தார்.
பழையதை நான் நாலாக மடித்து
டிபன்பாக்ஸ் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆவணியில் கட்டிவிடுவான்.
புரட்டாசியிலும் கூட.
ஐப்பசியில் கேட்க வேண்டும்.