வாளையார் என்றொரு மாறிலி

கஞ்சிக்கோட்டில் ஆடி மாதம்.
கணவாய்க்குள் நுழைந்த காற்று
லாரித் தார்ப்பாய்களை ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்க்கிறது.
காகித ஆலையின் கொதிகலனுக்குள்
மணல் கொதிக்கிறது.

பேச்சுக்குச் சொல்லவில்லை.
அடியிலிருந்து காற்றை ஊதினால் மணல் முதலில் அசையாது.
இன்னும் ஊதினால் தோளைக் குலுக்கும்.
ஒரு வேகம் இருக்கிறது, அதைத் தாண்டியதும்
ஒவ்வொரு மணியும் அடுத்ததன்மேல் சாய்வதை விட்டுவிடும்.
அப்புறம் குமிழி விடும், அலையடிக்கும்,
ஓட்டை கண்டால் ஒழுகும்.
அதற்குள் விழுந்து எரிகிற நிலக்கரி
நூற்றில் இரண்டு பங்குகூடத் தேறாது.
மிச்சமெல்லாம் சூட்டைச் சுமந்து திரிகிற மணலும் சாம்பலும்.

இதைத்தான் சமன்பாடுகளாக எழுதினேன்,
பதினோரு மாதம், கோயம்புத்தூரில், ஏசி அறையில்.
என் நிலக்கரி உருண்டையானது. ஒரே அளவானது.
முதலில் ஈரம் போகும், பிறகு ஆவி, பிறகு கரி எரியும்,
எந்த ரேஷன் கடையிலும் நான் பார்த்திராத ஒழுங்கில்.
படுகையின் வெப்பம் எண்ணூற்று எழுபது
என்றது திரை.

ஏழாம் எண் வெப்பமானி எழுநூற்றுப் பத்து என்றது.

வெப்பமானி பழுது என்று எழுதிக் கொடுத்தேன்.
புதிது மாட்டினார்கள்.
எழுநூற்று எட்டு.

ராத்திரி ஷிப்டில் ரம்லத்து.
என்னைவிட இரண்டு வயது சின்னவள், டிப்ளமோ,
காதடைப்பானை ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றி
"ஆ மூல உறங்ஙிப் போயி மேடம்" என்றாள்.
அழுத்தமானியைக் காட்டினாள்.
முள் அசையாமல் நின்றது.
அசையாத முள் நல்ல சகுனம் என்றல்லவா
இத்தனை நாள் இருந்தேன்.
"குமிழி வர்ற இடத்துல முள்ளு நடுங்கணும்" என்றாள்,
இந்த முறை எனக்காகத் தமிழில்.

அணைத்து, இரண்டு நாள் ஆறவிட்டு,
ஆள்நுழைவாயில் வழியே டார்ச் அடித்தோம்.
தென்கிழக்கு மூலையில் சாம்பல் உருகி இறுகிய கட்டி,
கன்றுக்குட்டி ஒன்று படுத்த அளவு.
வாளையார் யார்டில் மழையில் இறக்கிய கரி.
நனைந்த தூள் திரண்டு திரண்டு
ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது.
காற்றுப் போதாத கரி முழுசாய் எரியாது,
பாதி வெந்து வாயுவாகி மேலே போகும்,
மேலே போய் அங்கே பற்றிக்கொள்ளும்.
எரிதல் என்று நான் எழுதிய மூலையில்
யாருக்கும் சொல்லாமல் ஒரு வாயுவாலை நடந்திருக்கிறது.

மாதிரியில் ஓர் எண்ணைச் சேர்த்தேன்.
பூஜ்யம் புள்ளி ஆறு இரண்டு.
எந்தக் கோட்பாட்டிலிருந்தும் வரவில்லை,
போட்டால் கணக்கு உட்காருகிறது, அவ்வளவுதான்.
நிரலில் அதன் பெயர் வாளையார்.

ஹைதராபாத்திலிருந்து கேட்டார்கள்,
இந்த எண்ணுக்கு என்ன ஆதாரம்?
மழை என்று அடித்தேன். அழித்தேன்.
அளவீடுகளுக்கு ஏற்பப் பொருத்தப்பட்டது என்று அனுப்பினேன்.
ஒப்புக்கொண்டார்கள்.

நேற்று ரம்லத்து போன் செய்தாள்,
பின்னால் காற்றாடியின் இரைச்சல்.
முள் நன்றாக நடுங்குகிறதாம்.
உங்க கம்ப்யூட்டர்ல எப்படி, என்றாள்.

என் திரையில் அழுத்தம் ஒரு நேர்கோடு.
பத்து விநாடிக்கு ஒருமுறை சராசரி எடுத்து
நடுக்கத்தை நானேதான் துடைத்திருந்தேன்.
பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு
அந்த வரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.