இருபத்து மூன்றாம் எண்

லம்சிரா அனுப்பிய குப்பியில்
சாராயத்தில் மிதந்தது ஒரு கால்,
கண்ணிமை மயிரின் முனையளவு.
சீட்டில் பென்சிலால்:
"23. ஓடைக்கல்லின் அடிப்பக்கம்.
முழங்கால் ஆழம். தண்ணீர் எலும்பைக் கடிக்கிறது."
கடைசி வரி பதிவேட்டில் சேராது.
நான் சேர்த்துக்கொண்டேன்.

ஸ்வானேத்தி மலைக்கு நான் போனதில்லை.
திபிலீசியில், ஜன்னல் இல்லாத இந்த அறைக்கு
ஆறுகள் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

பதினோரு வருடமாக அந்தப் புழுவுக்குப் பெயரில்லை.
மணலைப் பொறுக்கி, வாயில் ஊறும் பட்டால் ஒட்டி
உடம்பளவுக்கு ஒரு குழல் கட்டிக்கொள்ளும்.
போகிற இடமெல்லாம் வீட்டை இழுத்துக்கொண்டு போகும்.
அது வளர்ந்து என்னவாகும் என்று
யாரும் இருந்து பார்த்ததில்லை.
வாளியில் வளர்த்தவை மூன்றாம் நாள் செத்தன.
தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுத்துவிட்டதாம்.

அதே ஓடைக்கரையில், இரவில்,
வெள்ளைத் துணி கட்டி விளக்கேற்றி
ஓத்தியா பிடிப்பது சிறகு முளைத்தவற்றை.
தவிட்டு நிறம். கூரைபோல் சரிந்த இறக்கை.
உடம்பைவிட நீண்ட மீசை.
அவற்றுக்கு லத்தீனில் பெயர் உண்டு,
பெட்டி உண்டு, ஊசி உண்டு.
பிள்ளைப் பருவம் மட்டும் இல்லை.

இதுதான் அதுவோ என்று லம்சிரா கேட்டதற்கு
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போடாதே என்றாராம்.
அவள் முழங்காலை எனக்கு அனுப்பிவிட்டாள்.
அவருடைய பெட்டியிலிருந்தும்
ஒன்று கேட்டு வாங்கினேன்.

முதல் முறை ஓட்டியதில்
கணினி சொன்ன விடை: மனிதன்.
என் தோலோ, தும்மலோ, ஏதோ ஒன்று.
ஓடையிலிருந்து அத்தனை தூரம் வந்த கால்
என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டுக் கரைந்துபோயிற்று.
சொல்ல வெட்கம்.
சொன்னேன். இன்னொரு கால் வந்தது,
"இன்னும் நாலு இருக்கின்றன" என்ற குறிப்போடு.

செவ்வாய்க்கிழமை மாலை
அறுநூற்று ஐம்பத்தெட்டு எழுத்துகள்.
ஏ, ஏ, சி, டி. டி, டி, ஏ, டி.
பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்த பையனைப்போல்
திரை ஒப்பித்துக்கொண்டே போனது.
கீழ் வரியில் ஓத்தியாவின் இரவுப்பூச்சி.
கணினி பொருந்துகிறது என்ற பிறகும்
விரல் வைத்து வைத்துப் பார்த்தேன்.
இரண்டே இடத்தில் வேறு.
ஓர் ஓடையில் பிறந்தவற்றுக்குள்
அவ்வளவு இருக்கும்.

தொலைபேசியில் ஓத்தியா
நெடுநேரம் பேசவில்லை.
அப்புறம், கோபமாகத்தான்:
"பகலெல்லாம் எங்கே இருந்ததாம்?"
உங்கள் விளக்குக்கு அடியில், என்றேன்.

லம்சிரா இப்போது வெற்றுக் குழலையும் அனுப்பியிருக்கிறாள்.
மேசைமேல் நிற்கிறது, அரிசியளவு.
உள்ளே யாருமில்லை. பக்கவாட்டில்
ஒரு மைக்காத் துண்டு மினுங்குகிறது,
அதைப் பொறுக்கியது எதற்கென்று
எந்த எழுத்திலும் எழுதவில்லை.

இருபத்து நான்காம் எண்ணைத் திறந்துவிட்டேன்,
கையுறை இரண்டு அடுக்காக.
அது இதுவரை
எதனோடும் பொருந்தவில்லை.