பதினாலு வீதத்துக்குக் கீழே

நெல்லைக் கடித்தே ஈரம் சொல்கிறவன் நான்.
டக்கென்று முறிந்தால் எடுப்பேன்,
நசிந்தால் திருப்பி அனுப்புவேன்.
ஒட்டுசுட்டான் களஞ்சியத்தில் மீற்றர் பழுதாகிற நாட்களில்
என் கடைவாய்ப் பல் சொன்னதுதான் கணக்கு.

அதனால்தான்
ஸ்ருட்காட்டிலிருந்து கேதாரன்
உள்உடுப்புகளில் சுற்றிக் கொண்டுவந்த
ஐந்து போத்தலுக்கும் புள்ளி போடுகிற வேலை
என்னிடம் வந்தது.

முத்தையன்கட்டுக் குளக்கட்டு. ஆவணி.
சோளகம் கொப்பியின் தாளை நான் எழுதமுன் புரட்டுகிறது.
பெலிக்ஸ் முல்லைத்தீவிலிருந்து ஐஸ் பெட்டி கொண்டுவந்தான்,
காலையில் அதற்குள் பாரை படுத்திருந்தது.
சுகிர்தமலர் ரயர் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு
நாலு எவர்சில்வர் பேணியும் உறைப்புக் கடலையும்.
கண்ணாடிக் கிளாஸ் இல்லையோ என்றான் கேதாரன்.
இல்லை.

நிரல்களை அவன்தான் கீறினான்:
நிறம், நுரை, மணம், நாக்கு, போன பிறகு.
போன பிறகு எண்டா?
விழுங்கினாப் பிறகும் நிக்கிறது.

முதலாவது கோதுமை.
கோடைக்கு மட்டும் வடிக்கிறதாம்.
"எங்களுக்கு எப்ப கோடை இல்லை" என்றாள் சுகிர்தமலர்.
வைக்கல் ஊறின நிறம். முன்னுக்குக் கதலிப்பழம்,
பின்னுக்குப் பாரை.
பாரைக்குப் புள்ளி குறைக்கலாமா என்று பத்து நிமிஷ வழக்கு,
பெலிக்ஸ் பாரையின் பக்கம்.
ஆறு.

அடுத்தது பூசணி. சத்தியமாகப் பூசணி.
சந்தியில் உடைக்கிறதைப் போத்தலில் அடைத்திருக்கிறார்கள்.
மூன்றரை. அந்த அரை, லேபலில் இருந்த படத்துக்கு.

நத்தாருக்கு வடித்ததில் கராம்பு, கறுவா, தோடந்தோல்.
பாலன் பிறக்க இன்னும் நாலு மாதம் கிடக்கு என்று சொல்லிக்கொண்டே
பெலிக்ஸ் பேணியை இரண்டாம் தரமும் நீட்டினான்.
எழுத மறந்துபோனேன். ஏழு என்று வையுங்கள்.

நாலாவது கறுப்பு.
பேணியின் அடி தெரியவில்லை.
கருகின பனங்கட்டி, வறுத்த கோப்பி,
மத்தியானம் பூட்டிக் கிடந்து திறந்த ரயர் கடை.
"இது என்ரை கடை" என்று கண்ணை மூடினாள் அவள்.
லேபலில் பன்னிரண்டு வீதம்.
பதினாலுக்குக் கீழே, எடுக்கலாம் என்றேன்.
அதற்குச் சிரித்த சிரிப்பில் குளத்துக் கொக்கு இரண்டு எழும்பிப் போயின.
எட்டரை.

கடைசிப் போத்தலை அவன் சொல்லாமலே ஊற்றினான்.

புகை.
விறகுப் புகை, ஈரச் சாக்குப் புகை,
இறைச்சிப் புகை.
கடலைப் பொதியில் யாருடைய கையும் இல்லை.
கேதாரன் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
தொண்ணூற்றாறில் போனவன்,
மிச்சத்தை அங்கே தொலைக்காட்சியில் பார்த்தவன்.
எதற்குக் காத்திருக்கிறான் என்று
எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்தது.
"நான் யோசிக்கேல்லை, குறை நினையாதேங்கோ" என்று தொடங்கினான்.

பெலிக்ஸ் உதட்டை நக்கினான்.
"பண்டி வத்தல்" என்றான். "நல்லாப் புகைக்குக் கட்டினது."
"இல்லை, நெல்லு அவிக்கிற பீப்பா" என்றாள் சுகிர்தமலர்,
"உமி அடுப்பு, அடி பிடிச்சிட்டுது,
ஆரோ வேலையை விட்டிட்டு அலட்டிக்கொண்டு நிண்டிருக்கினம்.
இன்னும் கொஞ்சம் ஊத்து."
நானும் ஒன்று நினைத்தேன்.
அதற்கு அந்தக் கொப்பியில் நிரல் இல்லை.
ஒன்பது போட்டேன். நுரை போதாது என்று சொன்னேன்.

அவனுக்கு ஆறுதலா ஏமாற்றமா, இருட்டில் தெரியவில்லை.
போத்தல்களைச் சுகிர்தமலர் கேட்டு வாங்கினாள்,
பிறேக் ஒயில் ஊற்றி வைக்கலாம் என்று.

அடுத்த நாள் களஞ்சியத்தில்
முதல் மூட்டை பேராற்றுக்காரர் ஒருவருடையது.
ஒரு மணியைக் கடித்தேன்.
பேசாமல் நின்றேன் போல.
"என்ன, ஈரமோ?" என்றார் பயந்துபோய்.
கொஞ்சம் பொறுங்கோ என்று போய்
வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து
இன்னொரு மணி எடுத்தேன்.