முப்பத்திரண்டுக்கு

பல் கட்டுகிறவள் நான்.
மொண்டேவிடியோவில், துறைமுகத்துக்கு இரண்டு தெரு மேலே,
மெழுகும் சாந்தும் நாறும் ஒரு பின்னறை.
படத்தைப் பற்றிச் சொல்ல உனக்கென்ன தகுதி என்றால்
வாரம் மூன்று டிக்கெட், முப்பது வருடம்.
வேறொன்றுமில்லை.

மதிப்பெண் முப்பத்திரண்டுக்கு.
நட்சத்திரம் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

போன செவ்வாய் ரோமாபுரிப் போர்ப்படம். புதுசு.
அடிமைகள் முந்நூறு பேர் துடுப்பு வலிக்கிறார்கள்,
சாட்டை விழ, அத்தனை பேரும் வாய் பிளக்க,
அத்தனையும் பீங்கான் வெள்ளை.
ஒரு சொத்தை இல்லை. ஒரு காரை இல்லை.
சாம்ராஜ்யம் எரிந்து அணைந்தது, என் வயிறு அணையவில்லை.
நாலு.
அதுவும் கடலுக்காக.

ஊமைப்படம் ஒன்று, தொண்ணூறு வருடப் பழசு,
திரை முழுக்கக் கீறல் மழை.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்;
இதில் சொல் முதலிலேயே இல்லை,
பல்லை நம்பித்தான் பிழைப்பு.
அவள் சிரித்தால் கீழ்வரிசை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது.
மறைக்கவில்லை.
ரயிலைத் தவறவிடுகிறாள். மறுபடி தவறவிடுகிறாள்.
கதை அவ்வளவுதான்.
இருபத்தொன்பது.

ஆதெமார் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி.
சுங்கத்துறையில் இருந்தவர்.
மத்தே குடுவையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு
விளக்கணைந்ததும் குறட்டை விடுவார்,
கொலை விழும் நிமிடத்தில் சரியாகக் கண் திறப்பார்.
படம் எப்படி என்றால் “நிம்மதி” என்பார்.
அவர் தூங்காத படத்தை நான் நம்புவதில்லை.

மூன்றரை மணி நேரம் ஒருவன் முள்ளங்கி தோண்டினான்.
எங்கேயோ பரிசு வாங்கிய படமாம்.
பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.
இரண்டாம் மணியில் எனக்கும் முள்ளங்கிக்கும்
ஏதோ ஆகிவிட்டது, மறைத்துப் பயனில்லை.
மதிப்பெண் இன்னும் போடவில்லை.

முத்தம் வந்தால் கேமரா சன்னல் பக்கம் திரும்புவது பழசு,
தொண்டைவரை இறங்குவது புதுசு.
தொழிலுக்குப் புதுசுதான் எனக்குப் பிடிக்கவேண்டும்.
பிடிக்கவில்லை.

இனி நேற்றைய படம்.
சொத்துத் தகராறு; மழை; வயலின்; மறுபடி மழை.
மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் அழுகிறார்கள்.
வசனம் எழுதியவருக்கு மூச்சு விடத் தெரியாது.
எட்டு என்று இருட்டிலேயே எழுதி மூடப்போனேன்,
அடகுக்கடைக்காரராக ஒரு கிழவர் வந்தார்.
இரண்டு நிமிட வேடம்.
மோதிரத்தை நிறுத்துவிட்டுச் சிரித்தார்.

இடது மேல் கோரைப்பல். லேசாகச் சாய்ந்தது.
என் கை.

எவாரிஸ்டோ பெர்டோமோ. நாலு வருடம் முன்னால், ஆகஸ்டில்,
கோட்டு நனைய வந்தார்.
மெழுகு மாதிரியை வாயில் வைத்துக் கண்ணாடி பார்த்தார்.
“இவ்வளவு நேராக இருந்தால்
நீதிபதி வேஷம்தான் தருவார்கள் அம்மா,
ஒன்றைச் சாய்த்துவிடுங்கள்.”
சாய்த்தேன்.
“இன்னும் கொஞ்சம்.”
கொஞ்சம் சாய்த்தேன்.
மூன்று தவணை பேசினோம். மூன்றாவது வரவில்லை.

இப்போது அந்தப் பல் ஒரு கதவு உயரத்துக்கு.
அரம் போட்டபோது விளிம்பில் விட்ட குறை
எனக்கு மட்டும் தெரிகிறது.
மோதிரத்துக்கு அவர் சொல்லப்போகும் விலை பொய் என்று
அந்தச் சாய்வே கொட்டகைக்குச் சொல்லிவிட்டது.
அவர் வாயெடுத்துப் பேசுமுன்.

திரும்பிப் பார்த்தேன்.
ஆதெமார் விழித்திருந்தார்.
கொலை எதுவும் நடக்கவில்லை.

படம் எட்டுதான். மாற்றமாட்டேன்.
தெரிந்தவருக்காகக் கூட்டிப்போடுகிறவர்களை
வாய்கொள்ளாமல் ஏசியிருக்கிறேன்.
பெயர்ப்பட்டியல் முடியும்வரை நின்றேன்,
சிகை, ஒப்பனை, குதிரைக்குத் தீனி வைத்தவர்வரை வந்தது.
துடைப்பக்காரி என் காலடியைப் பெருக்கிக்கொண்டு போனாள்.

இன்று காலை கடைப் பேரேட்டைப் புரட்டி
பெர்டோமோ பக்கத்தை எடுத்தேன்.
பாக்கி பாக்கிதான், அடிக்கவில்லை.
அதன்கீழே பென்சிலால் எழுதினேன்:
கிழவர் சொன்னது சரி,
இன்னும் அரை மில்லி சாய்த்திருக்கலாம்.