மூன்று எண்ணூறு

கிசுமுவில் விடியுமுன் மழை.
நைரோபியில் எங்கோ வங்கியின் சர்வர்
விழித்தும் விழிக்காமலும் கிடந்தது.

டுங்கா கரையில் ஒமேனா மீன் வாங்கிய அகுமு
படகுக்காரருக்கு எண்ணூறு ஷில்லிங் அனுப்பினாள்.
என் நிரல் கேட்டது. பதில் இல்லை.
மறுபடி கேட்டது. இல்லை.
மூன்றாம் முறை: சரி.

நான் பெருமையாய்த் தேநீர் குடிக்கப் போனேன்.

பத்து மணிக்கு அவள் படியேறி வந்தாள்,
காலில் ஏரிச் சேறு காயாமல்.
கைபேசியை மேசைமேல் வைத்தாள். திட்டவில்லை.
எண்ணூறு. எண்ணூறு. எண்ணூறு.
"படகுக்காரர் நல்லவர், திருப்பித் தந்துவிட்டார்.
உங்களுக்கு என்ன, காது கேட்காதா?"

கேட்கவில்லைதான்.
பணம் முதல் முறையே போய்ச் சேர்ந்திருந்தது.
இரண்டாம் முறையும்.
தொலைந்தது, திரும்பும் வழியில்,
'சேர்ந்தது' என்ற ஒரு சொல்.
மௌனத்தை 'இல்லை' என்று படித்தவன் நான்.

அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும்.
நகர்ந்த அம்மி யார் காலில் விழும் என்று
நிரலில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

அபோண்டி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
பத்தொன்பது கோப்புகளில், ஆளாளுக்கு ஒரு விதமாய்,
சிதறிக் கிடந்த மறுமுயற்சிகளை
ஒரே செயற்கூறாய் மடித்தோம்.
ஒவ்வொரு கோரிக்கையின் கழுத்திலும் ஓர் எண்:
அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே கொடு,
பணப்பெட்டியில் கை விடாதே.
காத்திருப்பு ஒரு நொடி, இரண்டு, நான்கு, எட்டு.
"அதில் கொஞ்சம் கோணலும் வை.
கரண்ட் வந்ததும் ஊரே ஒரே நொடியில் தட்டினால்
எழுந்த சர்வர் திரும்பப் படுத்துவிடும்."
தவறான ரகசிய எண்ணுக்கு மறுமுயற்சியே கிடையாது;
நூறு முறை கேட்டாலும் அது தவறுதான்.

ஐந்துக்குப் பிறகு?
"நிறுத்து. நிறுத்தியதைச் சொல்."

'தெரியவில்லை' என்று சொல்லும் ஒரு வரி.
மற்றதெல்லாம் மதியத்துக்குள் முடிந்தது,
அது எழுத இருட்டிவிட்டது.

அடுத்த மழையில் அகுமுவின் திரையில் வந்தது:
பணம் போனதா என்று இன்னும் தெரியவில்லை.
மீண்டும் அனுப்ப வேண்டாம். பார்த்துச் சொல்கிறோம்.

படகுக்காரர் அதைப் படித்துவிட்டு
மீனை அளந்து போட்டாராம்.
மறுநாள்
ஒரே ஒரு முறை கேட்டாராம்.