கணக்கு உதைக்கிறது

மார்லா டிரைலிங் பற்றி
ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள்.
வெள்ளிக்கிழமை இரவு பிரிவு விருந்து.
கல்லூரியின் விளையாட்டுப் பதிவேட்டு அறையில்
இருபத்திரண்டு வருஷமாக எண்களுக்கு நான்தான் காவல்.

பெண்கள் டென்னிஸ். மேற்குக் கான்சாஸ்.
முப்பத்தொரு பருவங்கள்.
வெற்றி 412, தோல்வி 377.

வேலைக்கு எடுத்தது வாலிபாலுக்கு.
டென்னிஸ் கொசுறு.
அடுத்த வருஷமே வாலிபாலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக்
கொசுறை வைத்துக்கொண்டார்.

பதினைந்து இருக்கை வேனை அவரேதான் ஓட்டினார்,
நாலு லட்சம் மைல் இருக்கும்;
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
மோட்டல் குளியல் தொட்டியில் ஒன்பது சீருடைகளை அலசியதற்கும்,
பராகுவேயிலிருந்து வந்த பெண்ணுக்குப்
பனிக்கோட்டு வாங்க
தன் சம்பளத்தில் முன்பணம் கேட்டதற்கும்,
மழை நின்ற மறுநிமிடம்
ரப்பர் துடைப்பானோடு மைதானத்தில் நின்றதற்கும்.

காற்றுக்கும் கட்டம் இல்லை.
இங்கே அது ஆறு மாதம் தெற்கிலிருந்து வீசும்,
மீதி ஆறு மாதம் கோபத்திலிருந்து.
"சர்வீஸுக்குப் பந்தை உயரத் தூக்காதே,
நெப்ராஸ்காவில் போய்ப் பொறுக்க வேண்டும்" என்பார்.
யாரும் சிரிக்காவிட்டாலும் அடுத்த வருஷமும் சொல்வார்.

இனி வருவதை நான் எழுதப்போவதில்லை.

ஒவ்வொரு மே மாதமும் எனக்கு ஒரு கடிதம் வரும்,
ஐம்பதடி தூரத்திலிருக்கும் அறையிலிருந்து, தபால்தலை ஒட்டி.
பொருள்: திருத்தம்.
412 என்பதை 411 ஆக்கவும்.

2003, ஏப்ரல், சனிக்கிழமை.
மூன்றுக்கு மூன்று. மிச்சம் ஐந்தாம் மைதானம் மட்டும்.
ஷெல்பி ரோலெடருக்கு மேட்ச் பாயிண்ட்.
எதிரே இருந்த இடதுகைக்காரி
ஓடிக்கொண்டே குறுக்கே அடித்தாள்.
பந்து கோட்டின் வெளி விளிம்பைத் தொட்டுப் போனது.
கல்லூரி ஆட்டத்தில் தன் பக்கத்துக் கோட்டுக்குத் தானே நீதிபதி.
ஷெல்பி விரலை உயர்த்தினாள்.
நடுவர் இரண்டாம் மைதானத்தருகே, முதுகு காட்டி.
இடதுகைக்காரி ஷெல்பியைப் பார்க்கவில்லை;
வேலியோரம் நின்ற மார்லாவைப் பார்த்தாள்.

"வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்" என்று
முதல் கடிதத்தில் இருந்தது.
"உரித்து முடித்தேன்."

அந்த வருஷம்தான் எங்களுக்குக் கோப்பை.
ஒரே கோப்பை.
உணவுக்கூட வாசலில், சாஸ் பாக்கெட்டுகளுக்கு மேலே இருக்கிறது.

நான் பதில் எழுதினேன்:
அந்தப் பந்து உள்ளே விழுந்திருந்தாலும் டியூஸ்தான்.
நீங்கள் தோற்றிருப்பீர்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை.
பதிலுக்குப் பதில் வந்தது:
தோல்வியில் சேர்க்கச் சொல்லவில்லை,
வெற்றியில் எடுக்கத்தான் சொன்னேன்.

அப்படியானால் மொத்தத்தில் ஒரு ஆட்டம் குறையும்,
கணக்கு உதைக்குமே என்றேன், தாழ்வாரத்தில் பார்த்தபோது.
உதைக்கட்டும் என்றார்.
கையில் ஒரு கூடை பழைய பந்துகள்,
நாய்க் காப்பகத்துக்கு.

ஷெல்பி இப்போது வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருக்கிறாள்.
இரண்டு பையன்கள். வருஷா வருஷம் நூறு டாலர் நன்கொடை.
வெள்ளிக்கிழமை பேசப்போவது அவள்தான்.
பந்தை அவள் சரியாகப் பார்த்தாளா என்று
மார்லா அவளிடம் கேட்டதே இல்லையாம்.
கேட்டிருந்தால் அவள்மேல் போட்டதாகிவிடும்,
பார்த்தது நான் என்கிறது
எட்டாவது கடிதமோ ஒன்பதாவதோ.

பதினாறு கடிதங்கள்.
விதிப்படி மூன்று வருஷத்துக்கு மேல்
காகிதங்களைக் கிழித்துப் போட வேண்டும்.
என் இழுப்பறையில் பதினாறும் இருக்கின்றன.

பக்கத்தை முடித்துவிட்டேன்.
பிறந்த ஊர், படிப்பு, லீக் விருது இரண்டு,
காற்று பற்றிய அந்த வேடிக்கையையும் சேர்த்தேன்.
எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.
ஜன்னலுக்கு வெளியே, பருவம் முடிந்து பத்து நாளான
மூன்றாம் மைதானத்தில்
யாரோ தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.
யாரோ என்ன, அவர்தான்.
அச்சகம் ஐந்து மணிக்கு மூடும்.